சாமி முழம்

நாடா என்றதும் முக்கால்வாசிப் பேருக்குப் பாவாடை நாடாதான் நினைவுக்கு வரும். அதில் தப்பு ஒன்றுமில்லை ஐயா. நானும் பதினெட்டு வருடம் பாவாடை நாடாவும் கட்டில் நாடாவும் போட்டு விற்றவன்தான். திருத்தணிக் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ஜெகநாதன் கொடுத்த கட்டில் நாடா அறுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்று இதுவரை ஒருவரும் என் வாசலில் வந்து நின்றதில்லை.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். விசாரணையில் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காலையில் பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்தீர்கள். வடை நன்றாக இருந்தது. இந்த நிலைமையிலும் வடையின் ருசி தெரிகிறதே என்று எனக்கே கூச்சமாகப் போயிற்று. நீங்கள் கூப்பிட்டு அனுப்பாவிட்டாலும் இந்த வாரம் நானே வந்திருப்பேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் பட்டறை அம்மையார்குப்பத்திலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் சாலையில் இருக்கிறது. எட்டு நாடாத் தறிகள். பட்டறைக்கு முதலாளி நான் என்றாலும் தறிகளுக்கு முதலாளி சிங்காரம்தான். அவர் என் அக்கா அம்சாவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். நான் பில், வரி, வியாபாரம் என்று வெளியே சுற்றுகிறவன். தறிக்கொட்டகைக்குள் பாவா சொன்னால் சொன்னதுதான். எட்டுத் தறியும் ஓடும் இரைச்சலில், மூன்றாம் தறியில் ஓர் ஊசி தேய்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, "இன்னா மச்சான், ஒனக்குக் காது கேக்கலியா?" என்று என்னைக் கிண்டலும் செய்வார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றினால், முதலில் நெய்து வருகிற ஒரு முழத்தை வெட்டித் தனியாக எடுத்து வைத்துவிடுவார். சாமி முழம் என்று அதற்குப் பெயர். வருடம் முழுக்கச் சேர்ந்த முழங்களை ஆடிக் கிருத்திகையன்று காவடியில் கட்டிக்கொண்டு மலையேறுவார். ஆயிரம் பூக்காவடிகளுக்கு நடுவில் பாவாடை நாடா தொங்குகிற காவடி அவருடையது ஒன்றுதான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொண்டதில்லை. சாமிக்கு எடுக்காமல் நெய்தால் அது வீட்டில் ஓர் ஆளை எடுத்துக்கொள்ளும் என்பது அவருடைய அப்பா சொல்லி வைத்த பேச்சு.

கப்பல் எங்களிடம் வந்த கதையைச் சொல்கிறேன். கடற்படைக்குப் புதிதாக ஒரு வரிசைப் போர்க்கப்பல்கள் கட்டத் தீர்மானித்தார்கள். பெரிய கப்பல்கள் போகும்போது கூடவே காவலுக்குப் போகிற கப்பல்கள் இவை. முதலில் இரண்டு. அவை நல்லபடியாக வந்தால் அதே வரிசையில் இன்னும் ஐந்து. முடிந்தவரை எல்லாம் உள்நாட்டுப் பொருளாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். கப்பலின் ராடார் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் விழாமலிருக்க உடம்பில் மாட்டிக்கொள்கிற பாதுகாப்புப் பட்டை, அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி அதைத் தைத்துக் கொடுக்க ஒப்பந்தம் எடுத்தது. தைப்பதற்கு நாடா வேண்டுமே. தேடிக்கொண்டு எங்களிடம் வந்தார்கள்.

போர்க்கப்பலுக்குப் பணம் ஒதுக்குவது நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பணம் ஒதுக்குகிற மாதிரிதான் ஐயா. நகைக்கும் மண்டபத்துக்கும் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். பந்தல் கட்டுகிற கயிற்றுக்குத்தான் பேரம் பேசுவார்கள். கப்பலிலும் ஏவுகணை, பீரங்கி, ராடார், இன்ஜின் எல்லாம் முடிந்து மிச்சத்தில் வருகிறவர்கள் நாங்கள். கம்பெனிக்காரர்கள் சொன்ன விலைக்கு நல்ல நூலில் நெய்தால் கையைக் கடிக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தே ஒப்புக்கொண்டேன். முதல் இரண்டு கப்பலில் விட்டதைப் பின்னால் வருகிற ஐந்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஐந்துக்கும் டில்லியில் இன்னும் பணமே ஒதுக்கியிருக்கவில்லை. இல்லாத கப்பலை நம்பி, இருக்கிற கப்பலுக்கு விலை சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விட்டான் என்று சிலர் என்னைப் பற்றி இப்போது இரக்கப்படுகிறார்களாம். ஆழம் எனக்கு நன்றாகத் தெரியும்.

பணம் மட்டும் காரணமில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஆர்டர் வந்த மறுமாதம் பட்டறை வாசலில் போர்க்கப்பல் படம் போட்டு ஒரு பலகை மாட்டினேன். திருத்தணி பேருந்து நிலையத்தில் டீ குடிக்கப் போனால், "வாங்க கப்பல்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதி கிண்டல்தான். ஆனால் மீதிப் பாதிக்காக நான் தினமும் அங்கே டீ குடிக்கப் போனேன். அரக்கோணத்திலிருந்து கிளம்புகிற கடற்படை விமானம் தலைக்கு மேல் போனால் நின்று அண்ணாந்து பார்ப்பேன். ஏதோ அது எங்கள் வீட்டு விமானம் மாதிரி.

நாடாவைச் சோதிக்க அதிகாரி வருவார். இரண்டு டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஒவ்வொரு உருளையிலும் வெளிமுனையிலிருந்து இரண்டு மீட்டர் வெட்டி இயந்திரத்தில் மாட்டி இழுப்பார். அந்த முனை தறியிலிருந்து வந்தபடியே, வெட்டுப்படாமல், எங்கள் முத்திரையோடு இருக்க வேண்டும். நெய்து முடித்த நாடாவைக் கடைசி முனையிலிருந்து உருளையாகச் சுற்றுவதால் முதலில் நெய்த பகுதிதான் வெளியே வரும். ஆகவே சோதனைக்குப் போவது எப்போதும் முதல் இரண்டு மீட்டர்தான். முனையை நறுக்கித் தில்லுமுல்லு செய்யக்கூடாது என்பதற்காகப் போட்ட விதி அது.

எட்டுத் தறியிலும் கப்பல் நாடாதான் ஓடியது. இதனால் சாமி முழம் நின்றுபோயிற்று. பாவாவிடம் நான்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைத் தறிமேல் வைத்தார்.

"மச்சான், சாமிக்கு எடுக்காம உடறது நல்லால்ல. எங்க நைனா காலத்துலருந்து உட்டதில்ல."

"நாட்டுக்குப் போறது பாவா இது. சாமி கோச்சிக்காது."

"சாமி கோச்சிக்காதுன்னு ஒன்கிட்ட வந்து சொல்லிச்சா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கவில்லை. வெறுங்கையோடு படியேறிப் போய்விட்டு வந்தார். அதுவரைக்கும் நான் செய்ததில் தப்பு எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு உருளை வரை நூல் சுத்தமான நூல்.

பதிமூன்றாவது உருளைக்குப் பாவு ஏற்றுகிற சமயத்தில், அடுத்த ஐந்து கப்பல்களுக்கான பணம் இந்த வருடம் இல்லை என்று செய்தி வந்தது. வேறு செலவுகள் முந்திக்கொண்டனவாம். கம்பெனிக்காரர் போனில், "வரும் சார், எங்கே போகப்போகுது" என்றார். நல்ல நூல் என்பது வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்க மருந்து ஏற்றியது. சந்தையில் அதே நிறத்தில், அதே பருமனில் வேறு நூல் கிடைக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றேகால் டன் தாங்கும். ஒரு மனிதன் எழுபது கிலோ, எண்பது கிலோ இருப்பான். ஒன்றேகால் டன் போதாதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். போதும் என்று நானே பதிலும் சொன்னேன்.

நல்ல நூல் வந்த அட்டைப்பெட்டிகளை நான் தூக்கி எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் ஆள் இல்லாதபோது சந்தை நூலை அந்தப் பெட்டிகளில் மாற்றி அடுக்கினேன். மிச்சமிருந்த நல்ல நூலைத் தனியாக வைத்தேன். திங்கட்கிழமை பாவாவிடம், "பழைய லாட்டு நூலு கொஞ்சம் மீந்துகினு கீது பாவா. ஒவ்வொரு உருளைக்கும் மொதல் பத்து மீட்டரு அத்த ஓட்டிட்டு, அப்பறம் புது லாட்ட பிணைச்சிக்கோங்க" என்றேன்.

"ஏன் மச்சான், ஒரேடியா ஓட்டித் தீத்துட்டா இன்னா?"

"ஆபீசருங்க அப்டித்தான் கேக்கறாங்க."

அவர் அப்படியே செய்தார். பிணைத்த இடத்தில் முடிச்சு விழும். அந்த அரை அடியைத் தைக்கிறவர்கள் வெட்டி எறிந்துவிடுவார்கள். எந்த நாடாவிலும் உள்ளதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. பாவாவின் விரல்களுக்கு மட்டும் வந்தது. புது நூல் கையில் சொரசொரவென்று இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். மில்லில் எண்ணெயை மாற்றிவிட்டார்கள் என்றேன். பெண்டாட்டியின் தம்பி பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவில்லை. இருபத்தாறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

அந்த மார்ச்சில் என் வீட்டு மாடியில் துணி காயவைக்கக் கொடி வேண்டும் என்று என் மனைவி அனுராதா கேட்டாள். பட்டறையில் கிடந்த ஒரு துண்டை எடுத்துவந்து கட்டினேன். புது நூலில் நெய்த துண்டு. ஜூன் மாதம் ஒரு மத்தியானம் மாடியிலிருந்து அவள் சத்தம் போட்டாள். ஏறிப் போனேன். ஈர பெட்ஷீட்டுகள் தரையில் புழுதியில் கிடந்தன.

"கப்பலுக்குப் போற நாடான்னு ஊரெல்லாம் பீத்திகினீங்களே. மூணு பெட்ஷீட்டு தாங்கல."

அது கழித்துப்போட்ட பழைய துண்டு என்றேன். அவள் கீழே போனபிறகு மிச்சத்தை இரண்டு கையிலும் பிடித்து இழுத்தேன். விட்டுக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் மாவு மாதிரி ஒரு பொடி ஒட்டியது. மூன்று மாதத் திருத்தணி வெயில். கீழே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சாயங்காலம் கடைக்குப் போய் நல்ல பிளாஸ்டிக் கயிறாக வாங்கிவந்து கட்டினேன். வீட்டில் உள்ளவர்கள் சிரமப்படக்கூடாது பாருங்கள்.

ஜூலையில் இருபத்தாறு முதல் நாற்பது வரை உருளைகளை அனுப்பிவைத்தேன்.

பாவாவுக்கும் அக்காவுக்கும் ஒரே பிள்ளை, குமரவேல். டிப்ளமா படித்துவிட்டு ஒரு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். கம்பெனிக்காரரிடம் சொல்லி, கப்பல் கட்டுகிற தளத்தில் பெயின்ட் அடிக்கிற ஒப்பந்தக்காரரிடம் அவனைச் சேர்த்துவிட்டதும் நான்தான். அக்கா எங்கள் வீட்டுக்கே பாயசம் வைத்துக் கொண்டுவந்து என் வாயில் ஊட்டினாள். அவன் நல்ல பிள்ளை ஐயா. அங்கே போய் முதல் மாதமே அவன் அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினான். பாவா அதைத் தறி தூசு படும் என்று கட்டமாட்டார், சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். குமரவேல் போன் செய்தான்.

"மாமா, இன்னா தெரியுமா? நாளையிலருந்து கம்பத்துல வேல. ஸ்டோர்ல பெல்ட்டு குடுத்தாங்க. பாத்தா நம்ம நாடா மாமா! ஓரத்துல நம்ம செவப்பு இழ ஓடிகினு கீது."

எழுந்து உட்கார்ந்தேன். "வேற பெல்ட்டு இல்லியா அங்க?" என்று கேட்டேன்.

"ஃபாரின் பெல்ட்டும் கீது. நான் இதான் வோணும்னு கேட்டு வாங்கிகினேன். எங்க நைனா நெய்ஞ்சதுன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். அந்தாளு நம்பவே இல்ல. நைனாகிட்ட சொல்லு மாமா, போன எடுக்க மாட்டேங்குது."

"எத்தன நாளா அந்த பெல்ட்டு வெளிய கெடக்குது?"

"தெரியல மாமா. ஏன்?"

ஏன் என்று கேட்டான். பதில் என் வாயில்தான் இருந்தது. அது வேண்டாம்டா, ஃபாரின் பெல்ட்டையே போட்டுக்கொள் என்று சொன்னால் மறுபடியும் ஏன் என்று கேட்பான். அவனுக்குச் சொன்னால் அவன் அப்பாவுக்குச் சொல்வான். பாவா என் முகத்தைப் பார்ப்பார். அதை நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

"சும்மா கேட்டேன். ஜாக்கிரதையா இருப்பா" என்றேன்.

"ஆங் மாமா. நம்ம நாடா கீதே, இன்னா பயம்?" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கம்பத்தில் அவனுக்குக் கால் வழுக்கியிருக்கிறது. பட்டை நின்று பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. பதினாறு மீட்டர் உயரம். உடம்பை நானே போய் எடுத்துவந்தேன். வழி நெடுக ஆம்புலன்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் செய்ய வேண்டிய எந்தக் காரியத்தையும் நான் குறை வைக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் பாவா என் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு இழுத்துப் போனார். நூலைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தறி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"சாமிக்கு எடுக்கலியே மச்சான். ரெண்டு வருசமா எடுக்கலியே. அதான் அது எடுத்துகிச்சு. நீ சின்னவன், ஒனக்குத் தெரியாது, சொன்ன. எனக்குத் தெரியுமே. நான் கேட்டிருக்கக் கூடாதே."

அப்போது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட இன்றைக்கு இவ்வளவு கூசியிருக்காது. நான் அவர் தோளில் கையை வைத்து, "ஆங் பாவா. அப்டித்தான் இருக்கணும்" என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளை செத்ததற்குத் தன்னையே காரணமாக நினைத்து அழுகிறான், அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது.

ஜனவரியில் விசாரணைக்கு ஒரு வடநாட்டு அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. லுங்கி விற்க வடக்கே அலைந்த காலத்தில் நான் கற்ற இந்தி இருக்கிறது. நானே மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார். மேஜைமேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார். அறுந்த பட்டை பதினேழாவது உருளையிலிருந்து வந்தது, அதில் என்ன நடந்தது என்று கேட்டார். பாவா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"தப்பு என்னுதுங்க சார். மொதல் முழம் சாமிக்கு எடுக்கணும். எடுக்காம உட்டுட்டேன். என் கையாலயே என் புள்ளய கொன்னுட்டேன்."

நான் இந்தியில் சொன்னது இது: தறியில் நடந்த தப்பு என்னுடையது என்கிறார். அந்த உருளையைக் கவனமில்லாமல் நெய்துவிட்டேன் என்கிறார். என் கையாலேயே என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்கிறார். கடைசி வரியை உள்ளபடியே சொன்னேன். அதை மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அதிகாரிக்குக் கண் கலங்கியது. எழுதி நீட்டினார். பாவா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கவனக்குறைவால் மரணம் என்று வழக்காகி அவரை உள்ளே வைத்தார்கள். நான் வக்கீல் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜாமீன் வேண்டாம் என்று அவர்தான் மறுத்துவிட்டார். தண்டனை தனக்கு வர வேண்டியதுதானாம். ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. அக்கா ஒருநாள்கூடப் போய் அவரைப் பார்க்கவில்லை. "சாமிக்கு எடுத்து வெக்காம எம்புள்ளய தின்ன பாவி" என்று திட்டிக்கொண்டு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். நான் அவளுக்குக் குழம்பு ஊற்றுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சும்மா சொல்வோம். தினமும் மூன்று வேளை மறைத்துப் பார்த்தவன் நான்.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போனேன். போன தடவை பாவா என்னிடம், "வெளிய வந்தா மலைப்படி மொத்தமும் முட்டி போட்டே ஏறணும் மச்சான். ஏத்துக்குமா?" என்று கேட்டார். அவருக்கு மூட்டு வலி உண்டு. ஏற்றுக்கொள்ளும் பாவா என்றேன்.

வழக்கைப் புதிதாகக் கையில் எடுத்த நீங்கள் நேற்று என்னை அழைத்து அந்த ஒலிப்பதிவைப் போட்டீர்கள். உங்களுக்குத் தமிழும் தெரிகிறது, இந்தியும் தெரிகிறது. இரண்டு குரலையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தீர்கள். அவர் குரல் உடைகிறது. என் குரல் நிதானமாக, மரியாதையாக, ஒரு நல்ல மனிதனின் குரல் மாதிரி இருக்கிறது. அதைக் கேட்டு எனக்கு வந்த அவமானம் குமரவேலின் உடம்பைப் பார்த்தபோதுகூட வரவில்லை. மூன்றாம் தடவை போடப் போனீர்கள், வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன்.

ஆகவே ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். நூலை மாற்றியவன் நான். வேறு ஒருவருக்கும் தெரியாது. பதிமூன்று முதல் நாற்பது வரை எல்லா உருளையும் அந்த நூல்தான், முதல் பத்து மீட்டர் தவிர. பதிமூன்று முதல் இருபத்தைந்து வரை முதல் கப்பலுக்குப் போனது. மற்றவை இரண்டாவது கப்பலில் இருக்கின்றன. கவனக்குறைவு ஓர் உருளையில் மட்டும் என்று நான் சொன்னதால் பதினேழாவது உருளைப் பட்டைகளைத்தான் எடுத்தார்கள். மிச்சத்தை இன்றைக்கும் மாட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஜூன் மாதமே தெரியும். ஒரு போன் செய்திருந்தால் போதும். ஐம்பத்திரண்டு நாளும் என் சட்டைப் பையில் போன் இருந்தது. இப்போது இதைப் படித்துக்கொண்டே உடனே சொல்லி அனுப்புங்கள். குமரவேலைக் கொன்றவன் நான். அவன் அப்பாவைக் கொலைகாரனாக ஆக்கியவனும் நான்.

இதனால் பாவாவை விட்டுவிடுவீர்கள். விடுவதற்கு முன்னால் இதை அவருக்குப் படித்துக்காட்டத்தான் வேண்டும் என்று சொன்னீர்கள். அதைப் பற்றித்தான் ஒரே ஒரு வேண்டுகோள். நூல் விஷயம் மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. வயதான மனிதர், தாங்கமாட்டார். மச்சானை எதற்கு உள்ளே வைத்தீர்கள் என்று கேட்டால் ஏதோ வரி விவகாரம் என்று சொல்லிவிடுங்கள். தன்னை ஏன் விட்டீர்கள் என்றும் கேட்பார். சாமி மன்னித்துவிட்டது என்று சொல்லுங்கள். நம்பிவிடுவார்.